சம்பந்தியம்மா மணியடிக்கிற ஊரு

நான் இங்கிலாந்து போறேன்னு சொன்னதும் எங்க மைக் செட் கடைப் பயலுவ மொத்தமும் சிரிச்சானுவ. "அண்ணாச்சி, ஏரோப்ளேன்ல ஒரு பொண்ணு மைக்குல பேசும். சவுண்டு சரியில்லன்னு எந்திச்சுப் போயிராதீரும்"னு ஒருத்தன். "ஏலே, அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் தெரியும்ல. ஒன் டூ த்ரீ"ன்னு இன்னொருத்தன். அவன் சொன்னது நெசந்தான். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் எல்லாம் மைக் டெஸ்டிங் பண்ணப் படிச்சதுதான். மூணுக்கு மேல எண்ண வேண்டிய தேவையே இன்னைக்கு வரைக்கும் வரல.

சங்கரன்கோவில்ல ஆடித்தபசுத் திருவிழான்னா எங்க கொழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். கல்யாண வீடு, சடங்கு வீடு, எழவு வீடு எல்லாத்துக்கும் நாந்தான் சத்தம். ஆனா எங்க வீட்டுல சத்தம் என்னுது இல்ல. எங்க வீட்டம்மா ஆரம்பப் பள்ளிக்கூடத்துல ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டயர்டு ஆனவ. நானும் அவள டீச்சர்னுதான் கூப்பிடுவேன். அஞ்சாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கு வணக்கம் போட்டவன், வேற எப்பிடிக் கூப்பிட?

போன காரியம் ஊரு சுத்திப் பாக்க இல்ல, மாப்பிள்ளை வீடு பாக்க. எங்க மக எஸ்தர் அங்கன ஆஸ்பத்திரியில நர்ஸ். கூட வேல பாக்குற டேனியல்னு ஒரு பையனப் பிடிச்சிருக்குன்னு சொன்னா. கால் ஒடிஞ்சவங்களத் திரும்ப நடக்க வைக்கிற வேலை அவனுக்கு. பேரு நம்ம சர்ச்சுக் கோயில் ரெஜிஸ்டர்ல பாதிப் பேருக்கு இருக்க பேரு. ஆளு மட்டும் வெள்ளை.

டீச்சருக்கு முட்டுல ஆபரேஷன் ஆயிருந்துச்சு, ஏணிப்படியே ஏற முடியாது. அதோட அவ அண்ணன், அதாவது எங்க மச்சான், தன் மகனுக்கு எஸ்தரக் கேட்டு நிக்காரு. பையன் பெங்களூர்ல இன்ஜினியர். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வாரேன், சரியா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னுட்டாரு. எஸ்தர் போன்ல அழுதா. "அப்பா, நீங்க வேண்டாம்னா விட்டுருதேன். ஆனா வந்து பாக்காம வேண்டாம்னு சொல்லாதீங்க"ன்னா. அதான் நான் போனேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு சொல்லியாவணும்.

கெளம்புற அன்னைக்கு டீச்சர் பாடம் எடுத்தா. "வீடு எப்பிடின்னு பாருங்க. தண்ணி வருதான்னு பாருங்க. அங்க யாருகிட்டயும் விசாரிக்க வழியில்ல, அதனால பையனோட அம்மா என்ன வேல பாக்காங்க, எப்பிடிப்பட்டவங்கன்னு நீங்களே பாருங்க. வாயத் தொறக்காதீங்க." கடைசிப் பாடத்தை மட்டும் ரெண்டு தடவ சொன்னா.

*

சித்திரை மாசம். நம்ம ஊருல தார் ரோடு கால்ல ஒட்டும். அங்கன நான் ஸ்வெட்டரு, அதுக்கு மேல கோட்டு, அதுக்கு மேல எஸ்தர் வாங்கித் தந்த மழைக் கோட்டுன்னு பொதிக்கழுதை மாதிரி நின்னேன். பக்கத்துல ஒரு வெள்ளைக்காரப் பெருசு அரை டவுசரோட நாயக் கூட்டிட்டுப் போகுது. என்னப் பாத்து என்னமோ சொல்லிச்சு. "நல்ல வெயில் அடிக்கில்லான்னு கேக்காருப்பா"ன்னா எஸ்தர். நான் மேல பாத்தேன். வெயிலக் காணும்.

முத நாளு தூங்கியே கழிஞ்சுச்சு. மறுநாள் மத்தியானம் டேனியல் வீட்டுல டீ குடிக்கக் கூப்பிட்டிருந்தாவ. அவன் ஊரு, எஸ்தர் இருக்க டவுனுக்கு வெளிய ஒரு கிராமம். எஸ்தருக்கு டூட்டி, நேரா அங்கன வந்துருவா. என்ன பஸ்ஸுல ஏத்திவிட்டா. "கடைசி ஸ்டாப்புப்பா. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா உக்காந்திருங்க."

சும்மா உக்காந்திருக்கதுதானே எனக்கு வராது. மடியில எவர்சில்வர் தாம்பாளம். வீடு பாக்கப் போறப்ப வெறுங்கையோட போவக்கூடாதுன்னு டீச்சர் பெட்டியில துணி சுத்தி வச்சு அனுப்புனது. அதுல ஆப்பிளு, வாழைப்பழம், சாத்தூர் காரச்சேவு, கருப்பட்டி மிட்டாய். பஸ்ஸுல எல்லாரும் தாம்பாளத்தப் பாக்காவ, நான் ஜன்னலப் பாக்கேன். தூரத்துல ஒரு கோயில் கோபுரம் தெரிஞ்சுச்சு. இதான் ஊருன்னு முடிவு பண்ணிட்டேன். பஸ் நிக்காமப் போகுது. நம்ம திருவேங்கடம் டவுன் பஸ்ஸுல செய்ற மாதிரி எந்திச்சு, பக்கத்துத் தகரத்துல டம் டம்முனு ரெண்டு தட்டு தட்டி, ஒரு விசிலும் அடிச்சேன்.

பஸ் சடார்னு நின்னுச்சு. டிரைவரு எறங்கி வெளிய போயி டயரப் பாக்காரு, அடியில குனிஞ்சு பாக்காரு. ஆடு கீடு அடிபட்டுருச்சோன்னு நெனச்சிருக்காரு பாவம். திரும்பி வந்து என்னமோ கேட்டாரு. நான் தாம்பாளத்த நீட்டுனேன். ஒரு வாழைப்பழம் எடுத்துக்கிட்டாரு. நல்ல மனுசன். நான் எறங்குனேன். பஸ் போனப்புறந்தான் தெரிஞ்சுது, இது ஊரு இல்ல, ஊருக்கு முன்னால உள்ள ஆட்டுக் காடு.

அப்புறம் என்ன, தாம்பாளத்த தலையில வச்சுக்கிட்டு கோபுரத்தப் பாத்தே நடந்தேன். ஆடுவ கூடவே வந்துச்சு, ஆப்பிள் வாசனைக்கு. கோபுரம் நம்ம பக்கத்துக் கோயில் மாதிரி ஊசியா இல்ல. சதுரமா, பஞ்சாயத்துத் தண்ணித் தொட்டி கணக்கா, உச்சியில பல்லு பல்லா இருந்துச்சு. கருங்கல்லு இல்ல, ஒரு மாதிரி தேன் கலரு கல்லு. பாதிச் சுவர்ல பாசி. கட்டி எத்தன நூறு வருஷம்னு டேனியல் பெறவு சொன்னான். நாந்தான் மூணுக்கு மேல எண்ணாதவனாச்சே. ராசா காலத்துக் கோயில்னு வச்சுக்கிடுங்க.

*

டேனியலோட அம்மா பேரு ஜூடித். நெட்டையா, வெள்ள முடிய ஆம்பள மாதிரி வெட்டி, பேண்ட் போட்டிருந்தாவ. வீட்டுக்காரரு எறந்து போயாச்சு. அந்தம்மா முன்னால தபாலாபீஸுல வேல பாத்தவங்க. என் ஷூவுல இருந்த சகதியப் பாத்து சிரிச்சு, தாம்பாளத்த ரெண்டு கையாலயும் வாங்குனாவ. அந்த ஒண்ணுலயே எனக்கு மனசு பாதி எறங்கிருச்சு. ஒத்தக் கையால வாங்கிருந்தா டீச்சர்கிட்ட சொல்லியிருப்பேன்.

எங்க எஸ்தர் அந்தம்மாவ "ஜூடித், ஜூடித்"ன்னு பேரு சொல்லிக் கூப்பிடுதா. எனக்கு முதுகு கூசுது. "ஏட்டி, வரப்போற மாமியாள பேரு சொல்லியா கூப்பிடுவ?"ன்னேன். "அத்தைன்னு கூப்பிட்டா அவங்களுக்குப் புரியாதுப்பா"ங்கா.

வீடு பாக்க வந்தவன் வீட்டப் பாக்கணும்லா. கொழாயத் தொறந்தேன், தண்ணி வந்துச்சு, ஒண்ணுல வெந்நீர், ஒண்ணுல ஐஸு. கையி ரெண்டுக்கும் நடுவுல கெடந்து தவிச்சுது. சுவத்தத் தட்டிப் பாத்தேன், கெட்டி. குளிக்க எடத்துல தரையில கம்பளி விரிப்புப் போட்டிருக்கு. அத மட்டும் டீச்சர்கிட்ட சொல்லக்கூடாதுன்னு முடிவு பண்ணுனேன். டீயோட வெள்ளரிக்காய ரொட்டிக்குள்ள வச்சுத் தந்தாவ. உப்பு இல்ல, ஒறப்பு இல்ல. ஆஸ்பத்திரியில இருக்கவனுக்குக் குடுக்குறத விருந்தாளிக்குக் குடுக்காவ. ஆனா அந்தம்மா நம்ம காரச்சேவு ஒரு பிடி எடுத்து வாயில போட்டு, கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட, இன்னொரு பிடி எடுத்தாவ. சரி, இது நம்ம வீட்டுக்கு ஆகும்னு நெனச்சேன்.

"இப்ப என்ன செய்தாங்கன்னு கேளு மக்கா"ன்னேன்.

எஸ்தர் கேட்டா. அந்தம்மா முகமெல்லாம் சிரிப்பாப் பதில் சொன்னாவ. "கோயில் கோபுரத்துல ஆறு மணி இருக்குப்பா. அத அடிக்கிறவங்களுக்கு இவங்கதான் தலைவி"ன்னா.

நான் டீயக் கீழ வச்சுட்டேன். "அப்பம் கோயில்குட்டியா?"

நம்ம பக்கத்துச் சபைகள்ல மணியடிச்சு, கூட்டிப் பெருக்கி, பாய் விரிச்சு, யாராவது செத்தா வீடு வீடாப் போயிச் சொல்லுறவரு பேரு கோயில்குட்டி. அவரு இல்லன்னா கோயிலே நடக்காது. ஆனா அவரு வீட்டுக்குப் பொண்ணு குடுப்பியான்னு கேட்டா எல்லாரும் செருப்பத் தேடுவாவ. சொல்லதுக்கு நல்லா இல்ல, ஆனா அப்பிடித்தான்.

"அப்பா, மெதுவா"ன்னா எஸ்தர். அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாதுன்னு ரெண்டு பேருக்குமே மறந்துபோச்சு.

தோட்டத்துல நின்னு டீச்சருக்கு வீடியோ போட்டேன். வாயத் தொறக்காதீங்கன்னு சொல்லி அனுப்புனவகிட்டயே வாயத் தொறந்து சொல்லிட்டேன்.

"மணியடிக்கிற வீட்டுலயா பொண்ணக் குடுக்கப் போறீங்க?"

"சம்பளத்துக்கு இல்லயாம் டீச்சர். சும்மா அடிக்காங்களாம்."

"சும்மா அடிக்கிறது இன்னும் மோசம். நாளைக்கு எங்க அண்ணன் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

அவ அண்ணனுக்கு என்ன வேண்டியிருக்குன்னு ஒங்களுக்குச் சொல்லிருதேன். டீச்சரு என்னைக் கட்டுனப்ப அந்த மனுசன் கல்யாணத்துக்கே வரல. மைக் செட்காரனுக்கா தங்கச்சின்னு ரொம்ப வருஷம் பேசாம இருந்தாரு. எஸ்தர் நர்ஸாகி வெளிநாடு போனப்புறந்தான் வீட்டு வாசப்படி ஏறுனாரு. அதனால டீச்சருக்கு அண்ணன் முன்னால தலை குனிஞ்சிரக்கூடாதுன்னு ஒரு பயம். அது எனக்குந் தெரியும். அந்தப் பயத்துக்குக் காரணமே நாந்தானே.

*

மறுநாள் சாயங்காலம் அவங்களுக்குப் பிராக்டிஸு. "வந்து பாருங்க, அப்புறம் பேசுங்க"ன்னு எஸ்தர் இழுத்துட்டுப் போனா.

கோபுரத்துக்குள்ள ஒரு ரூம். மேல மச்சு. மச்சுல ஆறு ஓட்டை, ஆறு ஓட்டையிலருந்து ஆறு கயிறு தொங்குது. ஒவ்வொரு கயித்துலயும் ஆள் உசரத்துல செவப்பும் நீலமுமா கம்பளி சுத்தி, அணில் வாலு கணக்கா புசுபுசுன்னு. ஆறு பேரு வட்டமா நின்னாவ. ஜூடித்தம்மா, டேனியல், ஒரு பிளம்பர், ஒரு ஸ்கூல் டீச்சர், கல்லூரில படிக்கிற ஒரு பொண்ணு, அப்புறம் மாடுவளுக்கு வைத்தியம் பாத்து ரிட்டயர்டு ஆன ஒரு டாக்டர். டாக்டரு மணியடிக்காருன்னதும் நான் எஸ்தரப் பாத்தேன். அவ என்னப் பாக்கல.

ஜூடித்தம்மா என்னமோ சொல்லிக் கயித்த இழுத்தாவ. மத்தவங்க ஒண்ணொண்ணாத் தொடர்ந்தாவ. மேல கணீர்னு எறங்குது, சின்ன மணியிலருந்து பெரிய மணி வரைக்கும், படியெறங்குற மாதிரி. சரி, இனி பாட்டு வரும்னு காத்திருக்கேன். வரல. அந்தம்மா நடுவுல நம்பரச் சொல்லுதாவ. ஒடனே ரெண்டு மணி எடம் மாறுது. முன்னால அடிச்சது பின்னால போவுது. மறுபடி நம்பர், மறுபடி மாத்து. பாட்டே கெடையாது. முறை மட்டும் மாறிக்கிட்டே இருக்கு. யாரும் யாரையும் இடிக்கல. எல்லாருக்கும் கண்ணு மத்தவங்க கயித்து மேலதான். மேல என்ன நடக்குன்னு யாருக்கும் தெரியாது, கயித்தப் பாத்தே நேரத்தப் பிடிக்காவ.

நல்லாத்தான் இருந்துச்சு. அதோட நான் வீட்டுக்குப் போயிருந்தா இந்தக் கட்டுரையே இல்ல.

நடுவுல பிஸ்கட்டும் டீயும் வந்துச்சு. எல்லாரும் ஒரு மூலைக்குப் போனாவ. கயிறுவ சும்மா தொங்குது. என் பக்கத்துல ஒரு போர்டுல செவப்பு எழுத்துல என்னமோ எழுதியிருந்துச்சு. செவப்பு எழுத்துன்னா நம்ம ஊருல வெலைக்குறைப்பு. நம்ம கோயில்குட்டிக்குக் காய்ச்சல்னா நாந்தான் மணியடிக்க ஆளு. எனக்குத் தெரியாத மணியா? நானும் ஒரு அடி அடிச்சுக் காட்டுவோம், பொண்ணு வீட்டுக்காரனும் லேசுப்பட்டவன் இல்லன்னு தெரியட்டும்னு, அணில் வாலுக்குக் கீழ ரெண்டு கையாலயும் பிடிச்சு, நம்ம ஊரு பாணியில எக்கி ஒரு இழுவை.

நம்ம மணி வாயக் கீழ வச்சுத் தொங்கும். கயித்த இழுத்தா அசையும், விட்டா நிக்கும். அவங்க மணி அப்பிடி இல்ல. அடிக்கிறதுக்கு முன்னாலயே வாய மேல பாக்க வச்சு, கவுத்திப் போட்ட அண்டாவ நிமுத்தி வச்ச கணக்கா, ஒரு மரக்கட்டையில சாய்ச்சு நிப்பாட்டி வச்சிருக்காவ. லேசாத் தொட்டாப் போதும், முழு வட்டம் சுத்தும். மாட்டுவண்டி எடையுள்ள மணி. அத நான் எக்கி இழுத்திருக்கேன்.

கயிறு மொதல்ல கீழ வந்துச்சு. பெறவு மேல போச்சு. நானும் மேல போனேன்.

எல்லாரும் கத்துதாவ. எஸ்தர் தமிழ்ல கத்துதா: "அப்பா, கயித்த விடுங்க! விடுங்கப்பா!" நம்ம ஊருல மணிக்கயித்த நடுவுல விட்டா பாதிரி ஐயரு ஏசுவாரு. நான் இன்னும் இறுக்கிப் பிடிச்சேன். மேல படார்னு ஒரு சத்தம், வேட்டு போட்ட மாதிரி. மச்சு என் மண்டைக்கு நேரா வருது. அப்பந்தான் விட்டேன். விழுந்தது, நல்லவேளை, ஆண்டவரு மனுசனுக்கு எங்கன சதை வச்சுப் படைச்சாரோ அந்த எடத்துல.

கயிறு பாம்பு மாதிரி ரூம் பூரா துள்ளுது. எல்லாரும் சுவத்தோட ஒட்டி நின்னாவ. ஜூடித்தம்மா மட்டும் அசையாம அதையே பாத்து நின்னு, அது எறங்குற ஒரு நேரம் பாத்து லபக்குன்னு பிடிச்சாவ. மெரண்ட காளையக் கயித்தோட கொஞ்சம் விட்டு, கொஞ்சம் இழுத்து அடக்குவாங்கல்ல, அதே மாதிரி. கொஞ்சங் கொஞ்சமா மணிச் சத்தம் கொறஞ்சு நின்னுச்சு.

அந்தம்மா நேரா என்கிட்ட வந்து மண்டி போட்டு, என் கை ரெண்டையும் விரிச்சுப் பாத்தாவ, தோலு உரிஞ்சிருக்கான்னு. பெறவு மாட்டு டாக்டரு என்னக் குப்புறப் படுக்க வச்சு இடுப்ப அமுக்கிப் பாத்தாரு. "எலும்புக்கு ஒண்ணும் இல்லயாம்ப்பா"ன்னா எஸ்தர். "மாட்டுக்குப் பாக்குறவருக்கு என் எலும்பு எப்பிடித் தெரியும்?"னேன். எஸ்தர் அத அப்பிடியே சொல்லிட்டா. டாக்டரு பதில் சொன்னாரு. "மாடு இம்புட்டு முட்டாத்தனமா இழுக்காதாம்."

ரூம் பூரா சிரிப்பு. எஸ்தர் மட்டும் சிரிக்கல. பஸ்ஸுல வரும்போது ஜன்னலப் பாத்தே வந்தா. கடைசியில சொன்னா: "அம்மா வேண்டாம்னு சொல்லுவான்னு பயந்தேன். இப்பம் ஜூடித்தே வேண்டாம்னு சொன்னா என்ன செய்ய?"

எனக்கு இடுப்பு வலி மறந்துபோச்சு.

*

மறுநாள் டேனியல் கார எடுத்துக்கிட்டு வந்து நின்னான். அம்மா வரச் சொன்னாவன்னான். ஏசதுக்குத்தான்னு நெனச்சுப் போனேன். ஜூடித்தம்மா கோபுர வாசல்ல, கையில ஒரு புது மரக்கட்டை, தோள்ல ஸ்பேனர் பை. மேல ஏறுங்கன்னு கை காட்டுனாவ.

கல்லுப்படி, ஆளு சுத்திச் சுத்தித்தான் ஏறணும், தோளு ரெண்டு பக்கமும் ஒரசும். எனக்கு ஏறுறது புதுசு இல்ல, எத்தன கோபுரத்துல ஸ்பீக்கர் கட்டிருக்கேன். இடுப்புதான் படிக்குப் படி என்ன ஏசிக்கிட்டே வந்துச்சு. உச்சியில பெரிய பெரிய மரச்சட்டம், அதுல ஆறு மணி. ஒவ்வொண்ணுக்கும் வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு மரச்சக்கரம். நான் இழுத்த மணிக்கு மேல ஒரு கட்டை, நடுவுல முறிஞ்சு சிராய் சிராயா நிக்கு. நான் தலையக் குனிஞ்சேன்.

அந்தம்மா முறிஞ்ச கட்டையத் தட்டி என்னமோ சொன்னாவ. டேனியலுக்கு எஸ்தர் சொல்லிக் குடுத்த தமிழ் ஏதோ கொஞ்சம் இருக்கு. "இது... உடையணும். மணி உடைய... வேண்டாம்"னான்.

கொஞ்ச நேரம் கட்டையப் பாத்தேன், மணியப் பாத்தேன். யாராவது என்ன மாதிரி கூறு கெட்டவன் எக்கி இழுத்தா, முதல்ல ஒடையுறதுக்குன்னே வச்ச கட்டை. அது ஒடையலன்னா சக்கரம் ஒடையும், சட்டம் ஒடையும், ஆளு கூடப் போயிருவான். எனக்குப் பொறி தட்டிருச்சு.

"ஃபியூஸ்!"னேன்.

அந்தம்மா என்னப் பாத்து, "எஸ்! ஃபியூஸ்!"னு சத்தமாச் சிரிச்சாவ. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்த முத பேச்சு வார்த்தை அதான். பெறவு நான் டார்ச் பிடிச்சேன், அவங்க போல்ட்டக் கழட்டுனாவ. புதுக்கட்டையப் பொருத்துனப்ப நட்டு ஒண்ணு கைய விட்டு சட்டத்துக்குள்ள உருண்டுருச்சு. தரையில படுத்து நாந்தான் எடுத்துக் குடுத்தேன்.

எறங்கும்போது படியில நின்னு, டேனியலப் பாத்து மெதுவா என்னமோ சொன்னாவ. அவன் முகம் செவந்துபோச்சு. கீழ வந்து எஸ்தருக்குப் போன் போட்டுக் குடுத்தான். எஸ்தர் சொன்னா: "அம்மாவுக்கு அவங்க மணியடிக்கது பிடிக்கலன்னு நான் டேனியல்கிட்ட சொல்லிருந்தேன்ப்பா. அவன் அவங்ககிட்ட சொல்லிட்டான் போல. மணியடிக்கத விட மாட்டாங்களாம். ஆனா கல்யாணத்துக்கு நம்ம ஊருக்கு வந்தா, நம்ம கோயில் கயித்தத் தொட மாட்டேன்னு சொல்லுதாங்க. அது போதுமான்னு கேக்காங்க."

என்னத்தச் சொல்ல? கோபுரத்துக்கே தலைவி, என் மகளுக்காக அம்புட்டு எறங்கி வந்து நிக்காவ. தலையை ஆட்டுனேன். நம்ம தலையாட்டு ஆமாவா இல்லையான்னு அந்தம்மாவுக்குப் புரியல. கட்டை வெரலத் தூக்கிக் காட்டுனேன்.

அன்னைக்கு டீச்சர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன், பறந்தது உட்பட. "மாப்பிள்ளை வீட்டப் பாத்துட்டு வாங்கன்னா கோயில ஒடைச்சுட்டு வந்திருக்கீங்க"ன்னா. இருந்தாலும் கேட்டா, "மணியில அப்பிடி என்ன அடிக்காங்க, பாட்டும் இல்லன்னா?" எனக்கு விளக்கத் தெரியல. யோசிச்சு யோசிச்சு, "ஒங்க ஸ்கூல் ஆண்டுவிழாவுல பிள்ளைகளுக்குப் பின்னல் கோலாட்டம் சொல்லிக் குடுப்பல்லா? மேலருந்து கயிறு தொங்கும், பிள்ளைக எடம் மாறி மாறி ஆடும், பின்னல் விழும். அதான் இது. இவங்க சத்தத்தப் பின்னுதாங்க"ன்னேன்.

டீச்சர், "ஒரு பிள்ளை தப்பா எடம் மாறுனாலும் பின்னல் சிக்கிரும்"னு மட்டும் சொன்னா. போன வச்சுட்டா.

*

வெள்ளியும் சனியும் மழை. ஒரு கடையில மீனையும் உருளைக்கெழங்கையும் பொரிச்சுக் காயிதத்துல மடிச்சுத் தந்தாவ, அதுல வினிகர ஊத்திச் சாப்பிடணுமாம். நான் டீச்சர் தந்துவிட்ட இட்லிப் பொடியத் தூவிச் சாப்பிட்டேன். பக்கத்து டேபிள்காரரு எட்டிப் பாத்து, தனக்குங் கேட்டாரு. குடுத்தேன். கொஞ்ச நேரத்துல ரெண்டு கிளாஸ் தண்ணி வாங்குனாரு.

ஞாயித்துக்கிழமை காலை ஆராதனைக்கு முன்னால மணி. அங்கன காலைன்னா நம்ம ஊருல சாப்பிட்டு முடிச்ச மத்தியானம். "அம்மாவுக்கு வீடியோல காட்டலாமான்னு ஜூடித்கிட்ட கேட்டேன், சரின்னுட்டாங்க"ன்னா எஸ்தர். எனக்கு மூலையில ஒரு பெஞ்சு. ரெண்டு காலும் தரையிலயே இருக்கணும், கை எதையும் தொடக்கூடாதுன்னு உத்தரவு. அந்த உத்தரவு பாக்க வார எல்லாருக்கும் உண்டாம். என்கிட்டதான் ரெண்டு தடவ சொன்னாவ.

போன்ல டீச்சர் முகம். பின்னால மச்சான், மடியில மிச்சர் தட்டு. சீக்கிரமே வந்துட்டாரு போல. மணி ஆரம்பிச்சுது. நான் கட்டைய ஒடைச்ச அந்த மணியத்தான் ஜூடித்தம்மா அடிச்சாவ. நான் போன அவங்க பக்கம் திருப்புனேன். நம்பரச் சொல்லுதாவ, எடம் மாறுது, சத்தம் பின்னிக்கிட்டுப் போகுது. டீச்சர் கண்ணு போன விட்டு அசையல. வாயி லேசா அசையுது. மாத்து விழுறத அவ எண்ணுதான்னு எனக்குத் தெரிஞ்சுச்சு.

மச்சான் தலைய உள்ள விட்டாரு. "யாரு மாப்ள அது? பேண்ட் போட்டுக்கிட்டுக் கயிறு இழுக்காவ?"

"டேனியலோட அம்மா, மச்சான்."

மச்சான் ஒரு பிடி மிச்சர வாயில போட்டுக்கிட்டு டீச்சரப் பாத்துச் சிரிச்சாரு. "ஏம்மா தங்கச்சி, ஒனக்கு வாய்க்கது எல்லாம் இப்பிடித்தானா? அன்னைக்கு மைக்குக்காரன். இன்னைக்கு மணிக்காரி."

எனக்குப் பழகிப்போன பேச்சு. எஸ்தர் என் தோளப் பிடிச்சா.

டீச்சர் திரும்பி அவரப் பாத்தா. வகுப்புல பின்பெஞ்சுப் பயலப் பாக்குற பார்வை. "அண்ணே, அவங்க எங்க சம்பந்தி. மரியாதையாப் பேசுங்க."

மச்சான் மென்னுக்கிட்டிருந்தத நிறுத்திட்டாரு. "அப்பம் எங்க பையனுக்கு?"

"பையனுக்கு நல்ல எடமாப் பாருங்க. கல்யாணத்துக்கு முத ஆளா நான் வந்து நிக்கேன்."

எஸ்தர் என் தோள்ல முகத்தப் பொத்திக்கிட்டு அழுதா. டேனியல் கயித்தப் பிடிச்சுக்கிட்டே எங்களப் பாக்கான். அழுகையா சிரிப்பான்னு அவனுக்குப் புரியல, கயித்த விடவும் முடியாது. விட்டா என்ன ஆகும்னு அந்த ரூம்ல எல்லாருக்குந் தெரியும். ஜூடித்தம்மாவும் பாக்காவ, நம்பரு மட்டும் தப்பாம வருது. நாங்களும் வாயப் பொத்திக்கிட்டுக் காத்திருந்தோம். மணி திரும்பப் படியெறங்குற மாதிரி வந்துச்சு. "ஸ்டாண்ட்!"னு அந்தம்மா ஒரு சத்தம் போட்டாவ. ஆறு மணியும் ஒண்ணு பின்னால ஒண்ணா நின்னுச்சு.

எஸ்தர் ஓடிப்போயி அந்தம்மா காதுல சொன்னா. சம்பந்திங்கதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தையே இல்லயாம். கையக் காட்டி, போனக் காட்டி, தன்னக் காட்டி, டேனியலக் காட்டி என்னென்னமோ சொன்னா. கடைசியில புரிஞ்சிருச்சு. ஜூடித்தம்மா கை ரெண்டையும் பேண்ட்ல தொடைச்சுக்கிட்டு, என்கிட்ட வந்து, தாம்பாளத்த வாங்குன மாதிரியே ரெண்டு கையாலயும் போன வாங்குனாவ.

அங்கிட்டு டீச்சர் சேலையச் சரி பண்ணிக்கிட்டு நிமிந்து உக்காந்தா. வாழ்நாள் பூரா இங்கிலீஷ் பாடம் எடுத்தவ, ஒரு வார்த்தை வரல. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்தாவ. பெறவு ஒரே நேரத்துல வாயத் தொறந்தாவ.

டீச்சர், அங்கன உள்ள நேரத்துக்கு, "குட் மார்னிங்"னா.

ஜூடித்தம்மா, நம்ம ஊரு நேரத்துக்கு, "குட் ஆஃப்டர்நூன்"னாவ.